திரும்பி வந்த இரவல் பொன்

கானாவின் குமாசி நகரில், அசாந்தி அரசின் நினைவுகளைக் காக்கிறது மன்ஹியா அரண்மனை அருங்காட்சியகம். 1874இல் பிரிட்டிஷ் படை குமாசியைக் கொள்ளையிட்டுக் கொளுத்தியது. அப்போது பறிபோன பொன்னணிகள் சில 2024இல் இங்கே காட்சிக்கு வந்தன. அனுப்பியவை லண்டனின் இரண்டு பெரிய அருங்காட்சியகங்கள்; அதுவும் இரவலாக! நிரந்தரமாகத் திருப்பித் தர பிரிட்டிஷ் சட்டம் இடம் தரவில்லையாம். எடுக்கும்போது எந்தச் சட்டத்தைப் பார்த்தார்கள்?

அசாந்தியரின் உயிரே உறைவதாக நம்பப்படும் பொன் ஆசனம் மட்டும் பிரிட்டிஷாரிடம் சிக்கவில்லை. 1900இல் ஆங்கிலேய ஆளுநர், தான் அமர அதைக் கொண்டுவரச் சொன்னார். அசாந்தி மன்னரே அதில் அமர்வதில்லை! கேட்டதற்குக் கிடைத்தது, யா அசாந்தேவா என்ற ராஜமாதாவின் தலைமையில் ஒரு போர்.