கூலியும் கொல்லாமையும்



கொல்லாமை என்னும் அணுவிரதம் ஏற்ற இல்லறத்தார் நீக்க வேண்டிய குற்றங்கள் ஐந்து எனத் தத்துவார்த்த சூத்திரத்தின் 7ஆம் அத்தியாயம் கூறுகிறது. கட்டுதல், அடித்தல், உறுப்பறுத்தல், மிகுபாரம் ஏற்றுதல், உணவும் நீரும் தடுத்தல் என்பன அவை. இறுதி இரண்டும் மாட்டுத் தொழுவத்திற்கே உரியன என்று எண்ணிவிடுகிறோம். கடைவீதியிலும் அவை நிகழ்கின்றன.

கர்நாடகத்தின் வடகன்னட மாவட்டத்தில் ஆப்பிரிக்க மரபினரான சித்தி மக்கள் வாழ்கின்றனர். அவர்தம் பெண்கள் பழந்துணித் துண்டுகளை இணைத்து, ஓரத்திலிருந்து நடுப்பகுதி நோக்கிக் கையால் தைத்துக் 'கவந்தி' என்னும் போர்வை அமைக்கின்றனர். மூலைகளில் 'பூ' எனப்படும் துணி மடிப்புகளைப் பதித்த பின்னரே அது நிறைவுறும்.

"கந்தைத் துணிக்கு இவ்வளவு விலையா?" என்போர் உளர். துணி கந்தைதான், அதில் கழிந்த நாட்கள் கந்தையல்லவே! 10 நாள் தைத்தவளுக்கு 4 நாள் கூலி கொடுத்தால், எஞ்சிய 6 நாள் உழைப்பும் மிகுபாரம். அந்நாட்களில் அவள் வீட்டு உலை கொதியாமை உணவு தடுத்தலேயாம்.

பேரத்தில் குறைத்த பணத்தை ஜினாலய உண்டியலில் இடுவது தானமாகாது. அது அவளுடைய பொருள்.

விற்பவர்க்கும் கடமையுண்டு. உழைத்த நாட்களை எண்ணி, நூற்செலவைக் கூட்டி, உண்மை விலையையே உரைக்க வேண்டும். வாங்குவோர், "எத்தனை நாள் தைத்தீர்கள், அம்மா?" என வினவி, அதற்குரிய கூலியை அளிப்பாராக. இயலாதெனில் வாங்காது விடுதல் குற்றமன்று. உழைப்பை இகழ்ந்து விலையைப் பறித்தலே குற்றம்.

அறம் வளர்க!