யாருடைய தனிமை கதையாகிறது?

இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய ஐரோப்பாவில் ஊர்விட்டு வந்து வாழ்ந்தவர்களின் தனிமையைச் சொல்லும் சிறுகதைகளில் மேவிஸ் கலாண்டின் கதைகள் முதன்மையானவை. கனடாவில் பிறந்த அவர் 1950இல் ஐரோப்பாவுக்குச் சென்று பாரிஸில் நிலைத்தார். வசதியான வெளிநாட்டவர், நாடிழந்த அகதிகள், தோற்ற ஜெர்மனியின் சாதாரணக் குடிகள் என எல்லோருடைய மனத்துக்குள்ளும் அவர் நுழைந்தார். ஒருவரை உள்ளிருந்து புரிந்துகொள்வதும் அவருடைய பொறுப்பைத் தள்ளுபடி செய்வதும் வேறு வேறு என்பதை அக்கதைகள் காட்டின.

யாருடைய தனிமையை எப்படி எழுதுவது என்ற இதே கேள்வி கர்நாடகத்தின் கோலார் தங்கவயலில் இன்னும் கூர்மையாக எழுகிறது. 1880 முதல் ஜான் டெய்லர் கம்பெனியின் நிர்வாகத்தில் இருந்த இச்சுரங்க நகரில் வெளியூர்க்காரர்கள் இரு வகையினர். பங்களாவிலும் கிளப்பிலும் குட்டி இங்கிலாந்தை அமைத்துக்கொண்ட வெள்ளை அதிகாரிகள் ஒருபுறம். வட ஆற்காடு முதலிய பகுதிகளிலிருந்து வந்து தட்டிக் குடிசைகளில் தங்கிய தொழிலாளர்கள் மறுபுறம். தமிழரான இவர்களில் பெரும்பாலோர் தலித்துகள். இங்குள்ள சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் மேல் ஆழமானது. அந்த ஆழத்தின் வெக்கையும் பாறை வெடிப்பும் தொழிலாளர்கள் பங்குக்கே விழுந்தன.

இரு சாராரின் தனிமையையும் ஒரே பரிவோடு எழுதலாமா? கூடாது என்போரின் வாதம் வலுவானது: அதிகாரிக்கு ஊர் திரும்பக் கப்பல் இருந்தது, தொழிலாளியை ஊரின் வறுமையும் சாதியும் துரத்தியிருந்தன. ஆயினும் அதிகாரியின் ஏக்கம் பொய்யல்ல. அதை எழுதுவதில் தவறில்லை. அந்த ஏக்கத்துக்கு வசதி செய்து கொடுத்தது யாருடைய உழைப்பு என்பதைக் கதை மறைப்பதுதான் தவறு.

அதைவிடப் பெரிய அநீதி, தொழிலாளியைப் பரிதாபத்துக்குரிய ஊமையாக வரைவது. தங்கவயல் பேசிய ஊர், அச்சடித்த ஊர். இங்குள்ள மாரிக்குப்பத்தில் தென்னிந்திய பௌத்த சங்கத்தின் கிளை இயங்கியது. தலித் பௌத்தச் சிந்தனையாளர் அயோத்திதாசர் 1907இல் சென்னையில் தொடங்கிய ‘தமிழன்’ இதழ் அவர் மறைவுக்குப் பின் இங்கிருந்து ஜி. அப்பாதுரையார் ஆசிரியராக வெளிவந்தது. அயோத்திதாசரின் நூல்களை இங்கிருந்த சித்தார்த்தா புத்தகசாலை பதிப்பித்தது. 1930இல் தங்கள் கைரேகையைப் பதிவு செய்வதை எதிர்த்துத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தனர். படித்து, வாதிட்டு, எதிர்த்து நின்ற மனிதர்களின் அகவாழ்வைச் சில இருமல்களாகவும் பெருமூச்சுகளாகவும் சுருக்கும் கதை, எவ்வளவு உருக்கமாக இருந்தாலும், அவர்களைக் குறைத்தே காட்டுகிறது.

1956இல் சுரங்கங்கள் அரசுடைமையாயின. 2001 பிப்ரவரி 28இல் மூடப்பட்டன. பிறந்த ஊரிலேயே பிழைப்பில்லாமல் போனவர்களின் அந்நியத்தன்மை அன்று தொடங்கியது. விடியுமுன் மாரிக்குப்பத்தில் ரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குப் போய் இரவில் திரும்பும் இவர்கள், பல தலைமுறையாகக் கர்நாடகத்தில் வாழ்பவர்கள். இவர்களைப் புலம்பெயர்ந்தோர் வரிசையில் சேர்த்து எழுதும் கதை, இந்த மண்ணில் இவர்களுக்குள்ள உரிமையைப் பறிக்கிறது. தங்கம் பிரித்த கழிவு குவிந்த சயனைடு மேடுகளைப் பின்னணிக் காட்சியாக மட்டும் வைக்கும் கதையும், அங்கிருந்து பறக்கும் தூசியைச் சுவாசித்து இன்றும் அங்கே வாழும் குடும்பங்களுக்குக் கடன்பட்டிருக்கிறது.