ஜாக்கிரதை என்பது யாருடைய வேலை?

மின்சாரம் வீட்டுக்குள் முதலில் வெளிச்சமாகத்தான் வந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில், அமெரிக்க வீடுகள் பெரும்பாலானவற்றில் சுவரில் ப்ளக் பாயிண்ட் கிடையாது. இருந்த ஒரே வாசல் பல்பு ஹோல்டர். அயர்ன் பாக்ஸ் வாங்கினால் பல்பைக் கழற்றிவிட்டு, அந்த மரைக்குள் அதன் முனையைத் திருக வேண்டும். திருகத் திருக வயரும் சேர்ந்து முறுக்கிக்கொள்ளும். 1904-இல் கனெக்டிகட் மாநிலத்தின் பிரிட்ஜ்போர்ட்டைச் சேர்ந்த ஹார்வி ஹப்பெல் இதற்கு ஒரு வழி கண்டு காப்புரிமை பெற்றார். மரை உள்ள பாதி ஹோல்டரிலேயே தங்கிவிடும். பின் உள்ள மறுபாதியைச் செருகலாம், உருவலாம். இன்றைய ப்ளக்கின் மூதாதைகளில் அது முக்கியமானது.

ஹப்பெல் தீர்த்தது வசதிப் பிரச்சினையை. ஆனால் அந்தக் காலச் சாதனங்களுக்குள் சொல்லப்படாத ஒரு நிபந்தனை இருந்தது: தொடுகிறவர் விவரம் தெரிந்தவராக, கவனமானவராக இருக்க வேண்டும். ஷாக் அடித்தால் தப்பு அவருடையது. மென்பொருள் வேலையில் இதற்கு ஒரு பேர் உண்டு: 'யூசர் எரர்'. அந்த ரெண்டு வார்த்தையைச் சொன்னதும் மீட்டிங் முடிந்துவிடும். வடிவமைத்தவர் நிம்மதியாக வீட்டுக்குப் போகலாம்.

1944-க்கு வருவோம். போர் இன்னும் முடியவில்லை. போருக்குப் பிந்தைய வீடுகளுக்கான மின் அமைப்பைப் பற்றி பிரிட்டனில் ஒரு குழு யோசித்துக்கொண்டிருந்தது. அதில் இருந்த ஒரே பெண் பொறியாளர் கரோலின் ஹாஸ்லெட். பெண்களுக்கான மின்சாரச் சங்கம் 1924-இல் தொடங்கியதிலிருந்து அதை நடத்திவந்தவர். செம்பைச் சிக்கனமாகச் செலவழிக்க வேண்டிய காலம் அது. அப்படியிருந்தும், சிறு குழந்தைகளின் பாதுகாப்புக்காக சாக்கெட்டின் துளைகள் மூடியிருக்க வேண்டும் என்று அந்தக் குழு சொன்னது. 1947-இல் வந்த பி.எஸ். 1363 தரத்தில் அது இடம்பெற்றது. அதன் வழக்கமான வடிவத்தில் எர்த் பின் மற்ற இரண்டையும்விட நீளம். அது முதலில் உள்ளே போய் ஷட்டரைத் தள்ளினால்தான் மற்ற இரு துளைகளும் திறக்கும். தவழும் குழந்தை ஹேர்பின்னை நுழைத்தால் பிளாஸ்டிக் மட்டுமே இடறும்.

இதற்கு ஒரு நியாயமான ஆட்சேபம் உண்டு. நற்குணம் பழகப் பழக வருவது என்றார் அரிஸ்டாட்டில். நமக்குப் பதிலாக சாக்கெட்டே ஜாக்கிரதையாக இருந்துவிட்டால், நாம் எப்போது ஜாக்கிரதையாக இருக்கப் பழகுவது?

பழகுவதற்கு முதலில் தப்பு செய்ய வேண்டும், செய்துவிட்டுப் பிழைத்தும் இருக்க வேண்டும். முதல் தப்பே கடைசித் தப்பாகிவிடக்கூடிய இடத்தில் எந்தக் குணமும் வளராது. அங்கே போய் 'கவனமா இருந்திருக்கலாமே' என்று சொல்வது அறிவுரை மாதிரிக் கேட்கும். உண்மையில் அது, பொறுப்பை இருப்பவர்களிலேயே பலவீனமானவர் தலையில் கட்டும் வேலை.

அதற்காக, பொருளே நமக்காக அறத்தோடு இருந்துவிடும் என்றும் சொல்லமுடியாது. நம் வீடுகளில் இருக்கும் உருண்டைப் பின் ப்ளக், 1934-இல் வந்த இன்னொரு பிரிட்டிஷ் தரமான பி.எஸ். 546-இன் வாரிசு. ஷட்டர் வைத்த சாக்கெட் இங்கேயும் கிடைக்கிறது. ரெண்டு பின் சார்ஜர் உள்ளே போகவில்லை என்றால் எர்த் துளைக்குள் பேனாவை விட்டு ஷட்டரைத் திறக்கிறவர்களையும் பார்க்கிறோம். யாரோ முகம் தெரியாத குழந்தைக்காக வைத்த கதவு அது. அதைத் திறக்கும் கை விவரம் தெரிந்த பெரியவருடையது. ஜாக்கிரதையாக இருக்கச் சொல்லிக் கேட்கவேண்டியது அந்தக் கையிடம்தான்.