வரைபடத்தில் இல்லாத கல்லறைத் தோட்டம்

அமெரிக்கப் பள்ளிகள் பலவற்றில் பன்னிரண்டு, பதின்மூன்று வயதுச் சிறார்க்கு ஒரு செயல்திட்டம் தரப்படுவதுண்டு. லோயிஸ் லோரி என்னும் எழுத்தாளர் 1993-இல் வெளியிட்ட 'தி கிவர்' என்ற புதினத்தைப் படிக்கும் வகுப்புகளில் இது பெரிதும் வழக்கம். மாணவர் நால்வர் ஐவராகக் கூடி, குறையே இல்லாத ஒரு சமூகத்தைத் தாமே படைக்க வேண்டும். அதற்குப் பெயர் சூட்டி, கொடி வரைந்து, சட்டங்கள் எழுதி, பெரிய அட்டையில் ஊரின் படத்தையும் தீட்டிச் சுவரில் மாட்டுவார்கள். நம் பள்ளிகளிலும் நன்னெறி வகுப்பு நடத்தும் ஆசிரியர் சிலர் 'என் கனவு ஊர்' என்று இதை ஒத்த பயிற்சியைத் தருகின்றனர். விளையாட்டுப் போலத் தோன்றும் இப்பயிற்சிக்குள் பழைமையான அறச்சிக்கல் ஒன்று உண்டு. குறையற்ற வாழ்வை ஒருவர் பிறருக்காக வரைந்து தரலாமா? வரைந்தால், அதில் இடமின்றிப் போகிறவர் யார்?

லோரியின் கதை இவ்வினாவைச் சற்றுக் கொடுமையாகவே எழுப்புகிறது. அவர் காட்டும் ஊரில் பசி இல்லை, போர் இல்லை, வலி இல்லை. ஆனால் வண்ணங்களும் இல்லை, நினைவுகளும் இல்லை. இரட்டைக் குழந்தைகள் பிறந்தால் எடை குறைந்தது 'விடுவிக்கப்படும்'. அச்சொல்லின் பொருள் கொலை என்பது கதையின் பிற்பகுதியில்தான் தெரிய வருகிறது. சிறுவர் திடுக்கிட்டுப் போகின்றனர். அந்தத் திடுக்கீட்டோடு தங்கள் அட்டையை அவர்கள் மீண்டும் பார்க்க வேண்டும். தேர்வு இல்லாத பள்ளி இருக்கும். விளையாட்டுத் திடலும் பூங்காவும் மருத்துவமனையும் இருக்கும். குப்பை எங்கே போகிறது, கழிவறையைக் கழுவுகிறவர் எவர், அவர் எந்தத் தெருவில் குடியிருக்கிறார் என்று கேட்டால் மட்டும் வகுப்பு அமைதியாகிவிடும். பெரும்பாலும் 'இயந்திரம் செய்யும்' என்பதே விடையாக வரும்.

சிறுவரைக் குறை சொல்வதற்கில்லை. இவ்விலக்கிய வகைக்கே பெயர் கொடுத்த புனித தாமஸ் மோர்கூட அந்த இடத்தில்தான் இடறினார். 1516-இல் லூவேன் நகரில் இலத்தீனில் அச்சான அவருடைய 'உட்டோப்பியா' அரியதொரு கற்பனை. நாளுக்கு ஆறு மணி நேரமே உழைப்பு. வீடுகளைப் பத்தாண்டுகளுக்கு ஒருமுறை சீட்டுப் போட்டு மாற்றிக்கொள்வர். பொன்னால் சிறுநீர்க் கலங்கள் செய்வர், பொன்மீது எவருக்கும் ஆசை வாராதிருக்க. படிக்கும்போது மனம் குளிர்கிறது. ஆயினும் அத்தீவில் ஆடுமாடுகளை வெட்டுகிறவர் அடிமைகள். வெட்டும் இடம் நகருக்கு வெளியே. குடிமக்களின் இரக்கவுணர்வு கெட்டுவிடக் கூடாதாம்! அடிமையின் இரக்கவுணர்வு கெட்டால் பரவாயில்லை போலும். இது மோரின் அங்கதமே என்று வாதிடுவார் உண்டு. 'உட்டோப்பியா' என்ற சொல்லுக்கே 'இல்லாத இடம்' என்று பொருள். அத்தீவைப் புகழ்ந்துரைக்கும் மாலுமிக்கு அவர் இட்ட பெயரோ 'பிதற்றல் வணிகன்' என்று பொருள்படுவது. நூலின் இறுதியில் தமக்கு எல்லாம் உடன்பாடில்லை என்றும் அவரே சொல்கிறார். எனக்கென்னவோ, அந்த வெட்டுமிடத்தைப் பொறுத்தவரை அவர் சிரித்ததாகத் தோன்றவில்லை.

மோர் எழுதியதை மண்ணில் கட்டிப் பார்த்த ஒருவர் உண்டு. நம் வாசகர் அவரை அதிகம் அறியார். வாஸ்கோ தே கிரோகா என்னும் ஸ்பானிய வழக்கறிஞர் 1531-இல் நீதிபதியாக மெக்சிகோவுக்கு வந்தார். படையெடுப்பினால் நிலமும் உறவும் இழந்து திரிந்த பழங்குடி மக்களைக் கண்டார். மோரின் நூலைக் கையில் வைத்துக்கொண்டு, 1532-இல் மெக்சிகோ நகருக்கு அருகே சாந்தா ஃபே என்ற குடியிருப்பைத் தம் சொந்தப் பணத்தில் நிறுவினார். அடுத்த ஆண்டுகளில் மிச்சோவகான் பகுதியில் இன்னொன்று எழுந்தது. அங்கும் ஆறு மணி நேர உழைப்பு. விளைச்சல் பொதுவில் சேர்ந்து அவரவர் தேவைக்கேற்பப் பகிரப்பட்டது. நோயுற்றோரும் அனாதைகளும் முதலில் கவனிக்கப்பட்டனர். குருவாகக்கூட இல்லாதிருந்த இந்த நீதிபதியே பின்னர் மிச்சோவகானின் முதல் ஆயரானார். 1565-இல் அவர் இறந்தார். அம்மக்கள் இன்றும் அவரைத் 'தாத்தா வாஸ்கோ' என்றே சொல்கிறார்கள். 'தாத்தா' என்பது அவர்கள் வழக்கில் தந்தையைக் குறிக்கும். ஏட்டில் நின்றுவிட்ட மோரைவிடச் சேற்றில் கால் வைத்த கிரோகாவையே நான் உயர்வாக மதிக்கிறேன். ஆனால் ஊரின் விதிகளை எழுதியவர் அவர். அவற்றுக்குள் வாழ்ந்தவர் பிறர். எழுதுகோல் பழங்குடி மக்கள் கைக்குப் போகவில்லை. அன்பு நிறைந்த தந்தையேயாயினும், வளர்ந்த பிள்ளைகளின் வீட்டை அவரே வரைந்து தருவதில் ஒரு குறை இருந்துகொண்டுதான் இருக்கிறது.

திருத்தூதர் பணிகள் நூலை இவ்வினாவோடு படித்தால் புதியதொரு வெளிச்சம் கிடைக்கிறது. எருசலேமின் முதற்சபை ஒரே உள்ளமாய், உடைமை யாவும் பொதுவாய் வாழ்ந்ததை நாம் மறையுரைகளில் அடிக்கடி கேட்கிறோம். அதற்கு அடுத்த பக்கங்களை அவ்வளவாகக் கேட்பதில்லை. ஐந்தாம் அதிகாரத்தில் அனனியாவும் சப்பிராவும் பணத்தில் ஒரு பகுதியை மறைக்கின்றனர். ஆறாம் அதிகாரத்தில் கிரேக்க மொழி பேசுவோர் முறுமுறுக்கின்றனர்: அன்றாடப் பந்தியில் தங்கள் கைம்பெண்கள் கவனிக்கப்படவில்லை என்பது அவர்கள் முறையீடு. தூய ஆவி இறங்கிவந்த சபையில், திருத்தூதர் பன்னிருவரும் உயிரோடு இருக்கும்போதே, மொழியின் பெயரால் பந்தியில் பாகுபாடு! லூக்கா இதை மூடி மறைக்கவில்லை. தீர்வுதான் வியப்பளிப்பது. தேர்ந்தெடுக்கப்பட்ட எழுவரின் பெயர்களைப் பாருங்கள். ஸ்தேவான் தொடங்கி நிக்கொலா வரை ஏழும் கிரேக்கப் பெயர்கள். பெயரை மட்டும் வைத்து ஒருவருடைய மரபை முடிவு செய்துவிட முடியாதுதான். ஆயினும் முறையிட்ட தரப்பினர் கையிலேயே பந்தியின் பொறுப்பு சென்றது என்று விவிலிய அறிஞர் பலர் கருதுவதற்கு இதுவே அடிப்படை. அந்தச் சபை குறையற்றதாக இருக்கவில்லை. குறைபட்டவரின் குரலைக் கேட்டுத் தன் அமைப்பையே மாற்றிக்கொண்டது.

நம் மண்ணில் திட்டமிட்டுக் கட்டப்பட்ட ஒன்றையும் இங்கு நினைக்க வேண்டியிருக்கிறது. நெல்லைச் சீமையின் வடக்கன்குளத்தில் 19-ஆம் நூற்றாண்டில் எழுந்த ஆலயத்திற்குக் 'கால்சட்டைக் கோயில்' என்று பெயர் வந்தது. இரண்டு கூடங்கள் கால்சட்டையின் இரு கால்களைப் போல விரிந்து ஒரே பீடத்தில் வந்து சேரும். இரு சாதியாரும் பீடத்தைக் காணலாம். ஒருவரையொருவர் காண வேண்டியதில்லை. கட்டடக் கலை என்ற அளவில் எத்துணைக் கூர்மையான தீர்வு! எல்லாருக்கும் இடம் உண்டு, எவருக்கும் மனத்தாங்கல் இல்லை என்று வரைந்தவர்கள் எண்ணியிருப்பார்கள். பிரித்து நின்ற தடுப்பு 1910-இல் இடிக்கப்பட்டது. வழக்கு உயர் நீதிமன்றம் வரை சென்றது. சாதியின் பெயரால் ஆலயத்தில் தனியிடம் கோரியவர்களின் உரிமை ஏற்கப்படவில்லை. ஆலயத்துக்குள் தடுப்பு விழுந்த பின்னும் நம் பங்குகள் சிலவற்றில் கல்லறைத் தோட்டத்தின் நடுவே சுவர் நின்றதை நாம் அறிவோம். ஆகவேதான், கனவு ஊரை வரையும் பிள்ளைகளிடம் நம் ஆசிரியர் முதலில் கேட்கத்தக்க கேள்வி இது என்று நினைக்கிறேன்: உங்கள் ஊரில் கல்லறைத் தோட்டம் எங்கே? ஒன்றா, இரண்டா? குழி வெட்டுகிறவரை எங்கே புதைப்பீர்கள்?

இன்னொரு சிக்கலும் உண்டு. கோசல நாட்டைப் பாடும் கம்பர், அங்கே வறுமை இல்லாமையால் கொடை என்பதே இல்லை என்றும், பொய் இல்லாமையால் மெய் என்று தனியாக ஒன்று இல்லை என்றும் நயம்படச் சொல்கிறார். அதே முறையில் எண்ணினால், தவறு செய்வார் இல்லாத ஊரில் மன்னிப்பும் இருக்க முடியாது. மன்னிப்பு இல்லாத ஊரில் கிறிஸ்தவர் என்ன செய்வார்? கனவு ஊரின் சட்டப் பட்டியல்களில் தண்டனைகள் தாராளமாக இருக்கும். 'மீறினால் ஊரைவிட்டு வெளியேற்றப்படுவர்' என்பது பிள்ளைகள் எளிதாக எழுதிவிடும் வரி.

போலந்து நாட்டின் யூத மருத்துவர் யானுஷ் கோர்ச்சாக் வேறு வழி கண்டார். வார்சாவில் 1912-இல் திறக்கப்பட்ட அவருடைய அனாதை இல்லத்தில் குழந்தைகளே நீதிபதிகளாக அமரும் மன்றம் நடந்தது. அதன் சட்டத் தொகுப்பில் முதல் தொண்ணூற்றொன்பது விதிகளும் குற்றம் சாட்டப்பட்டவரை விடுவிக்கும் அல்லது மன்னிக்கும் வகைகளே. நூறாம் எண்ணிலிருந்துதான் கடுமை தொடங்கும்; ஆயிரம் என்ற எண்ணுக்குப் பொருள் வெளியேற்றம். கோர்ச்சாக்கே குற்றம் சாட்டப்பட்டு அம்மன்றத்தின் தீர்ப்புக்கு உட்பட்டிருக்கிறார். 1942 ஆகஸ்டில் நாஜிகள் அவ்வில்லத்துக் குழந்தைகளை ட்ரெப்ளிங்கா கொலைமுகாமுக்குக் கொண்டுசென்றபோது அவரும் உடன் சென்று மடிந்தார். அந்த இல்லம் கனவு ஊர் அன்று. பசியும் திருட்டும் சண்டையும் இருந்த இடம்தான்.

அப்படியானால் வகுப்பறைப் பயிற்சியையே கைவிட வேண்டுமா? வேண்டாம். ஒரு சிறு மாற்றம் போதும். நேர்மையான விதிகளை வகுப்போர், அச்சமூகத்தில் தமக்கு எந்த இடம் வாய்க்கும் என்பதை அறியாமலே வகுக்க வேண்டும் என்று மெய்யியலார் ஜான் ரால்ஸ் 1971-இல் எழுதினார். சிறுவர் வகுப்பில் இதற்கு ஒரு தகர டப்பாவும் சில காகிதச் சீட்டுகளுமே தேவை. அட்டை முடிந்து சுவரில் ஏறுமுன் ஆளுக்கொரு சீட்டு எடுக்கட்டும். ஒருத்தி பார்வையற்ற முதியவள். ஒருவன் கழிவுநீர்க் குழாயில் இறங்குகிறவன். ஒருவன் சிறையிலிருந்து திரும்பியவன். ஒருத்தி நேற்று வந்து சேர்ந்த, ஊரின் மொழி தெரியாத அகதி. ஊர்த் தலைவர் சீட்டும் ஒன்று இருக்கட்டும். பிறகு அவரவர் தம் வீட்டை அந்தப் படத்தில் தேடட்டும். கிடைக்காதவர் எழுந்து சொல்லட்டும். சட்டங்களைத் திருத்த இன்னொரு பாடவேளை ஒதுக்கலாம். படத்தை முதலிலேயே பென்சிலால் வரையச் சொல்லியிருந்தால் வேலை எளிது.