கையிலுள்ள கருவியும் நாவிலுள்ள தம்மமும்



வாளையாற்றுக்கு அப்பால் பாலக்காட்டுச் சீமையிலும், போடிமெட்டுக்கு அப்பால் இடுக்கி மலைகளிலும் நம் தமிழ் மக்கள் தலைமுறை தலைமுறையாக உழைத்து வாழ்கின்றனர். தாய் ஓரூரில், மகன் வேறூரில், இடையே மலை. ஆதலின் ஒருவர் சொல் மற்றொருவரை எங்ஙனம் சென்றடைகிறது என்பது இவர்களுக்குச் சிறு விஷயமன்று. அதனையே இன்று தம்மத்தின் துணைகொண்டு ஆராய்வோம்.

முன்னாளில் தேயிலைத் தோட்டத்து லயத்திற்குக் கடிதம் வந்தால், எழுத்தறிந்த ஒருவரைத் தேடிச் சென்று படிக்கச் சொல்லிக் கேட்பர். ஒரு வீட்டுச் செய்தி லயம் முழுவதற்கும் செய்தியாகும். தந்தி வந்தாலோ, அதனைப் பிரிக்குமுன்பே அழுகுரல் எழும். ஏழை வீட்டிற்குத் தந்தி வருவது பெரும்பாலும் சாவைச் சொல்வதற்கே. அத்தந்தி 2013-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் இந்நாட்டில் நிறுத்தப்பட்டது. இன்று கொழுந்து பறித்து வீடு திரும்பும் பாட்டி, அலைபேசியில் பேரன் முகத்தைக் கண்டு பேசி மகிழ்கிறாள். இது நன்மையே. கருவியை வெறுக்குமாறு தம்மம் நமக்குக் கூறவில்லை.

கருவி இல்லாவிடத்து நேரும் துன்பத்தையும் நாம் கண்டோம். 2020-ஆம் ஆண்டு ஆகஸ்டு 6-ஆம் நாள் இரவு, மூணாற்றையடுத்த பெட்டிமுடியில் மலை சரிந்து தோட்டத் தொழிலாளரின் லயங்களை மூடிற்று. மாண்டவர் 70 பேர். அவர்களுட் பலர் தூத்துக்குடி மாவட்டத்துக் கயத்தாற்றைப் பூர்விகமாகக் கொண்ட தமிழர். பெருமழையால் மின்சாரம் இல்லை. தொலைபேசித் தொடர்பும் இல்லை. உதவி கோரும் குரல் மலையைவிட்டு இறங்க வழியின்றிப் போயிற்று. மறுநாட் காலையில்தான் வெளியுலகம் அதனை அறிந்தது. ஏழையின் குரல் செல்லும் பாதையைச் செப்பமாக வைத்திருப்பதும் கருணையின் பாற்பட்ட செயலே என்பதை இதனால் உணர்கிறோம்.

அவ்விடத்திலேயே மற்றொன்றும் நிகழ்ந்தது. குவி என்னும் நாய், தான் பழகிய இரண்டு வயதுக் குழந்தையைத் தேடி அலைந்து, எட்டு நாட்களுக்குப் பின் ஆற்றோரத்தில் நின்று மீட்புப் பணியாளர்க்கு அவ்வுடல் கிடந்த இடத்தைக் காட்டிற்று. அதற்கு மொழியுமில்லை, கருவியுமில்லை. தேடும் மனம் ஒன்றே இருந்தது.

இனி, கருவி இருந்தும் மனம் இல்லாதவிடத்தைப் பாருங்கள். பாலக்காடு மாவட்டம் அட்டப்பாடியில், 2018-ஆம் ஆண்டு பிப்ரவரி 22-ஆம் நாள், அரிசியும் பலசரக்கும் திருடினார் என்று கூறி, பழங்குடியைச் சேர்ந்த ஒருவரைக் காட்டில் பிடித்துக் கட்டி அடித்தனர். அடிபட்டு நின்றவரின் பக்கத்தில் நின்று தம் முகத்தையும் சேர்த்து அலைபேசியிற் படம் எடுத்து, அதனைப் பலர்க்கும் அனுப்பினர். மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லும் வழியில் அவர் உயிர் நீங்கிற்று. 2023-ஆம் ஆண்டு ஏப்ரலில் மண்ணார்க்காட்டு நீதிமன்றம் 13 பேருக்கு 7 ஆண்டுக் கடுங்காவல் விதித்தது. அன்பர்களே, அங்கு நின்றோர் கையில் கருவி இருந்தது. ஒருவரேனும் அதனைக்கொண்டு, 'இங்கொருவர் அடிபடுகிறார், விரைந்து வாருங்கள்' என்று அழைத்திருக்கலாகாதா? உதவியை அழைக்கவும், துன்பத்தை வேடிக்கையாக்கவும் அதே கருவிதான் பயன்படுகிறது. எதற்குப் பயன்படுத்துவது என்பதைத் தீர்மானிப்பது மனமே.

சொல்லால் விளையும் தீவினை நான்கு என்று மணிமேகலை கூறுகிறது. பொய், புறங்கூறல், கடுஞ்சொல், பயனற்ற சொல் என்பன அவை. விரலாற் செய்தி அனுப்புவதும் சொல்லே. நாம் ஒன்றும் பேசவில்லை, பிறர் அனுப்பியதை மேலே அனுப்பினோம் என்பது விடுதலை தராது.

பேசுமுன் எண்ணத்தக்கவை ஐந்து என்று பகவான் புத்தர் உபதேசித்தார். ஏற்ற காலமா, உண்மையா, மென்மையா, பயனுடையதா, மைத்திரியோடு கூடியதா என்பவையே அவ்வைந்தும். இவற்றுள் உண்மையைப் பற்றியது ஒன்றே எத்துணை இன்றியமையாதது! 2018-ஆம் ஆண்டு மே மாதம் திருவண்ணாமலை மாவட்டம் போளூருக்கு அருகில், பிள்ளை பிடிப்போர் திரிகின்றனர் என்று வாட்ஸ்அப்பில் பரவிய வதந்தியை நம்பிய கூட்டம், கோயிலுக்கு வந்த ஒரு மூதாட்டியை அடித்துக் கொன்றது. அவ்வாண்டு ஜூலையில், ஒரு செய்தியை ஒரே வேளையில் ஐந்து இடங்களுக்குமேல் அனுப்ப இயலாதவாறு அந்நிறுவனம் இந்தியாவில் வரம்பு கட்டிற்று. நிறுவனம் கையைக் கட்டலாம். மனத்தைக் கட்டுவது நம் கடமை.

காலமும் மென்மையும் வீட்டிலேயே பழகத்தக்கவை. நாம் நூற்பாலையில் வேலை செய்த நாட்களில், எந்திரங்களின் இரைச்சலில் ஒருவர் சொல் மற்றவர் காதில் விழாது. ஆயினும் பேசினோம். முகத்தோடு முகம் நோக்கி, உதட்டசைவாலும் கைச்சைகையாலும், 'உண்டாயா, குழந்தைக்குக் காய்ச்சல் தணிந்ததா' என்று கேட்டுக்கொண்டோம். முகம் நோக்கியதால் துயரமும் தெரிந்தது. இன்று இரைச்சலில்லாத வீட்டில் மனைவி பேசுகையில் கணவன் திரையைப் பார்த்தவாறே 'உம்' என்கிறான். காது கேட்டும் கேளாதவனாகிறான்.

ஆகவே சில விரதங்களை நாம் மேற்கொள்வோமாக. அருகிருப்போர் பேசும்போது கருவியைக் கீழே வைப்போம். தொலைவிலுள்ள முதியோரைக் காரியம் இல்லாத நாளிலும் அழைத்து, அவர்கள் சொல்லி முடிக்கும்வரை கேட்போம். மெய்யென்று அறியாததை அனுப்பாதிருப்போம். துன்புறுவோரைக் கண்டால் படம் எடுக்கும் கையால் தூக்கிவிடுவோம். உதவி வேண்டுமாயின் அக்கருவியாலேயே உடனே அழைப்போம். இவ்வாறு ஒழுகுவோர் கையில் அலைபேசியும் தம்மத்திற்குப் பணிசெய்யும்.

சாது! சாது! சாது!