உருக்கு வீடும் உழைப்போர் உரிமையும்

அரண்மனைகளையும் ஆலயங்களையும் பேணிக் காத்தல் வேண்டும் என்பதில் வேறுபாடு கொள்வார் அரியர். ஆனால், உழைத்துண்ணும் குடும்பமொன்று உறங்கியெழுந்த சிறு வீட்டைப் பேணுவதும் அவசியந்தானா? அதுவும் தனிக் கலைஞன் ஒருவனது கைவண்ணமன்று, தொழிற்சாலையிலே ஒன்றைப்போல் ஒன்றாக ஆயிரக்கணக்கிற் செய்யப்பட்டது என்றால்? பழைமை பேணுவோர் எளிதில் விடைகூற இயலாத இவ்வினாவை அமெரிக்க நாட்டின் 'லஸ்ட்ரோன்' வீடுகள் எம்முன் நிறுத்துகின்றன.

இரண்டாம் உலகப் போர் முடிந்து படைவீரர் இலட்சக்கணக்கில் நாடு திரும்பியபோது, அவர்கள் குடியிருக்கப் போதிய வீடுகள் இருக்கவில்லை. 1946இல் ட்ரூமன் அரசாங்கம் அவசர வீடமைப்புத் திட்டமொன்றை வகுத்தது. அவ்வேளையிற்றான் கார்ல் ஸ்ட்ரான்ட்லண்ட் என்னும் பொறியியலாளர், எண்ணெய் நிரப்பு நிலையங்களுக்குப் பயன்பட்ட எனாமல் பூசிய உருக்குத் தகடுகளைக் கொண்டே வீடு கட்டலாம் என்று முன்வந்தார். அரசாங்கக் கடன் கிடைத்தது. ஒஹாயோ மாநிலத்துக் கொலம்பஸ் நகரில், போர்க்காலத்தில் விமானம் செய்த கூடத்திலே குடியிருக்கும் வீடுகள் உருவாகலாயின.

ஒரு வீட்டுக்கு வேண்டிய மூவாயிரத்துக்கு மேற்பட்ட உறுப்புக்களும் ஒரே பாரவண்டியில் ஏற்றப்பட்டு, வீடு எழவேண்டிய நிலத்துக்கே சென்றன. சட்டமும் சுவரும் கூரையும் யாவும் உருக்கு. கறையான் அரியாது, வண்ணம் பூச வேண்டியதில்லை. சுவரில் ஆணியடிக்க இயலாமையால் காந்தங்கொண்டு படம் மாட்டினர். உட்கூரையிலிருந்து வெப்பமூட்டிய முறையால், தலை சுடுகையிலும் கால் குளிர்ந்தது என்று குறைகூறியோரும் உளர்.

ஆயின் அம்முயற்சி நிலைக்கவில்லை. 7,000 டொலர் அளவிற் கிடைக்கும் எனப்பட்ட வீட்டின் விலை 10,000 டொலரைத் தாண்டியது. உற்பத்தி தாமதித்தது. ஊருக்கு ஊர் வேறுபட்ட கட்டட விதிகள் தடையாயின. அரசாங்கம் கொடுத்த கடன் 3 கோடி 70 இலட்சம் டொலரை எட்டியபின், 1950இல் நிறுவனம் மூடப்பட்டது. அதுவரை எழுந்த வீடுகள் ஏறக்குறைய 2,500 மாத்திரமே. அரசாங்கமே வீடமைத்துக் கொடுப்பதை எதிர்த்து நின்ற செனற்றர் ஜோசப் மக்கார்த்தி, வீட்டுடைமை பற்றிய சிறு பிரசுரமொன்றுக்காக இந்நிறுவனத்திடமிருந்து 10,000 டொலர் பெற்றார் என்பதும் இவ்வரலாற்றின் ஒரு பகுதியாகும். ஏறத்தாழ ஒரு வீட்டின் விலை அது!

வேர்ஜீனியாவிலுள்ள குவான்டிகோ கடற்படைவீரர் தளத்தில் இவ்வகை வீடுகள் ஏறக்குறைய 60 ஒருங்கே நின்றன. வேறெங்கும் இத்துணை வீடுகள் ஓரிடத்தில் இருக்கவில்லை. 2000ஆம் ஆண்டுகளின் நடுப்பகுதியில், கழற்றிக்கொண்டு செல்ல இயன்றோர்க்கு அவை இலவசமாகவே தரப்படும் என அறிவிக்கப்பட்டது. ஏற்க வந்தோர் மிகச் சிலர். எஞ்சியவை பெரும்பாலும் இடிக்கப்பட்டன.

இங்கு இரு மறுப்புக்கள் எழுகின்றன. வீடில்லாதோர் தெருவில் உறங்க, பழைய தகடுகளுக்காக இரங்குதல் முறையோ என்பது முதலாவது. இது புறக்கணிக்கத்தக்க மறுப்பன்று. வாழ்வோர் தேவையே முதன்மையானது. ஒழுகும் கூரையின்கீழ் ஒரு குடும்பத்தை வருந்தவைத்து அக்கூரையின் அழகை வியத்தல் அறமாகாது. ஆனால், இடிப்பது எவர்க்காக என்று கேட்டுப் பார்த்தல் வேண்டும். நிலத்தின் விலை ஏறிய நகர்ப்புறங்களில், இச்சிறு வீடுகள் நின்ற மனைகளில் எழுவன வீடற்றோர்க்கான இல்லங்களல்ல, செல்வர்தம் பெருமனைகளே. அவ்விடத்து ஏழையின் பெயரால் இடிப்பை நியாயப்படுத்துவது ஏழையை இருமுறை ஏமாற்றுவதாகும்.

எல்லாம் ஒரே வார்ப்பாயிருக்க, ஒன்று அழிந்தால் நட்டமென்ன என்பது இரண்டாவது மறுப்பு. தனியொருவரின் மேதைமைக்கு மாத்திரமே மதிப்பளிக்கும் கலைக்கொள்கையின் குரல் இது. பெயரறியாத பலர் ஒன்றுகூடி, பெயரறியாத பலர் வாழ்தற்கென ஆக்கிய பொருளும் மனித ஆற்றலின் சாதனையே. அரிதாகிவிட்டமையால் அதைப் பேணவேண்டும் என நாம் கூறவில்லை. அருமை நோக்கி விலை வைத்தல் வணிகர் வழக்கம். எண்ணியது கைகூடி இவ்வீடு எங்கும் மலிந்திருக்குமாயின், இன்று அதனை அரும்பொருள் என எவரும் கூறார். அதன் அருமைக்குக் காரணம் அதன் தோல்வியே. அத்தோல்வியின் காரணங்களை மக்கள் மறவாதிருத்தற்கே அது பேணப்படல் வேண்டும்.

அங்ஙனம் பேணுங்கால், கனவை மாத்திரம் காட்டிக் குறைகளை மறைத்தலும் தகாது. அந்நாளில் அமெரிக்க அரசாங்கம் உத்தரவாதமளித்த வீட்டுக் கடன்கள் கறுப்பின மக்களுக்குப் பெரும்பாலும் மறுக்கப்பட்டன. போரிற் பணிபுரிந்து மீண்டவர்களும் இதற்கு விலக்கல்லர். பளபளக்கும் சுவரோடு இவ்வுண்மையும் சேர்ந்தே சொல்லப்படல் வேண்டும்.

லஸ்ட்ரோன் வீடொன்று கொலம்பஸ் அரும்பொருட்சாலையினுள் முழுமையாக நிறுத்தப்பட்டது. அது நன்றே. எனினும், மக்கள் இன்றும் குடியிருக்கும் வீடுகளே எமக்கு மேலானவையாகத் தோன்றுகின்றன. உதிரி உறுப்புச் செய்வார் எவருமிலர். ஆதலின் இடிக்கப்பட்ட வீடுகளின் தகடுகளைச் சேகரித்து, எஞ்சிய வீடுகளைச் செப்பனிடுகின்றனர். கழற்றிப் பூட்டத்தக்கதாகச் செய்யப்பட்ட வீட்டுக்கு இதுவே பொருந்திய வழி. இயன்றவிடத்து மக்கள் வாழ்வதற்காகப் பேணுக. இயலாதவிடத்துக் கழற்றி வேறிடம் கொண்டு செல்க. அதுவும் இயலாதாயின், உறுப்புக்களைப் பிற வீடுகளுக்கு உதவி, வரலாற்றையேனும் எழுதி வைக்க.

உழைப்போர் ஒவ்வொருவர்க்கும் நல்ல வீடு தர இயந்திர யுகத்தால் இயலுமா? 1950இல் நிறுவனத்தின் கணக்கு மூடப்பட்டது, இவ்வினா மூடப்படவில்லை. வீடற்றோர் உள்ளவரை இவ்வினாவை நினைவூட்டிக்கொண்டு நிற்க, இச்சிறு வீடுகளிற் சிலவாவது எமக்கு வேண்டும்.