செய்தல், செய்வித்தல், உடன்படல்



தசலட்சண பருவத்தில் எங்கள் ஊர் ஜினாலயத்தில் இரவுதோறும் ஸ்ரீபுராணம் வாசிக்கப்பெறுவது வழக்கம். பரதனும் பாகுபலியும் எதிரெதிர் நின்ற பகுதி வந்த அன்று, எட்டாம் வகுப்புப் பயிலும் சிறுவன் ஒருவன் எழுந்து, "பாட்டி, அண்ணனும் தம்பியும் தாங்கள் இருவர் மட்டுந்தானே சண்டையிட்டார்கள்? இப்போது நாட்டை ஆளுகிறவர்கள் ஏன் அப்படிச் செய்வதில்லை?" என்று வினவினான். அவையில் சிலர் சிரித்தனர். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இருதிறத்து அமைச்சர்களும் அன்று கூறிய காரணத்தை நினைவு கூர்மின். பரதனும் பாகுபலியும் சரம சரீரிகள். அப்பிறவியிலேயே வீடுபேறு எய்தவிருப்பவர்கள். போர் மூண்டால் அவர்களுக்கு ஒன்றும் நேராது, மடிவோர் படைவீரர்களே. ஆகவே திருஷ்டி யுத்தம், ஜல யுத்தம், மல்யுத்தம் என மூன்றோடு வழக்கைத் தீர்த்துக்கொள்க என்றனர். எவர் சாகப் போகிறார் என்பதை முதலில் எண்ணிப் பார்த்த அமைச்சர்கள் அவர்கள்.

இருபதாம் நூற்றாண்டு இதனைத் தலைகீழாக்கிற்று. ஜெர்மானியப் படைத்தலைவர் லூடன்டார்ஃப் 1935-இல் 'முழுப்போர்' என்னும் பொருள்படும் தலைப்பிலேயே ஒரு நூல் எழுதினார். படை மட்டுமன்று, நாடே போரிட வேண்டும் என்பது அதன் கருத்து. 1943 பிப்ரவரி 18 அன்று பெர்லின் நகரத்து விளையாட்டரங்கு ஒன்றில் அமைச்சர் கோயபெல்ஸ், முழுப்போர் வேண்டுமா என்று கூட்டத்தை நோக்கிக் கேட்டார். ஆயிரக்கணக்கானோர் எழுந்து நின்று, வேண்டும் என்று முழங்கினர். அவ்வேளையில் அவர்கள் கையில் ஆயுதம் இல்லை. ஆயினும் நம் ஆகமம் வினை வரும் வாயிலை மனம், மொழி, மெய் என்றும், செய்தல், செய்வித்தல், உடன்படல் என்றும் பெருக்கி ஒன்பதாக எண்ணுகிறது. அந்த ஒரு முழக்கத்தில் எத்தனை வாயில்கள் திறந்தன!

நாடே போரிடுகிறது என்றான பின், பகைவனுக்கும் நாடே இலக்காகிவிடுகிறது. 1943 ஜூலையில் ஹாம்பர்க் நகரின்மீது பிரித்தானிய, அமெரிக்க விமானங்கள் குண்டு பொழிந்தன. தனித்தனித் தீ ஒன்றுகூடிச் சூறையாகச் சுழன்றது. 35,000-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். தொட்டிலில் கிடந்த குழவி பெர்லின் அரங்கில் முழங்கவில்லையே!

லெனின்கிராடு நகரின் கதையைச் சற்று விரித்துக் கூற வேண்டும். 1941 செப்டம்பர் 8 அன்று தொடங்கிய முற்றுகை 1944 ஜனவரி 27-இல் தான் முற்றும் நீங்கியது. 872 நாட்கள். நகருள் புகுந்து போரிடுவதைவிடப் பசியால் மாய்ப்பதே எளிது என ஜெர்மானியத் தலைமை முடிவு செய்தது. பசியே அங்கு படைக்கலம். 1941 நவம்பர் 20 முதல் தொழிலாளிக்கு நாளொன்றுக்கு 250 கிராம் ரொட்டி. குழந்தைகளுக்கும் வேலையற்றோர்க்கும் 125 கிராம். அதிலும் மரக்கூழும் பருத்திக்கொட்டைப் பிண்ணாக்கும் கலந்திருந்தன. குழாய்கள் உறைந்தன, நேவா ஆற்றின் பனிக்கட்டியைத் துளைத்து நீர் மொண்டனர். சிறுவர்கள் சறுக்கி விளையாடிய வண்டிகளில் பிணங்கள் இழுத்துச் செல்லப்பட்டன. தான்யா சாவிச்சேவா என்னும் சிறுமி, தன் குடும்பத்தார் ஒவ்வொருவரும் இறந்த நாளையும் வேளையையும் சிறு குறிப்பேட்டில் எழுதி வைத்தாள். நகரைவிட்டு வெளியேற்றிக் காக்க முயன்றும், 1944-இல் அவளும் மறைந்தாள்.

அந்நகரில் உலகெங்குமிருந்து திரட்டிய விதைகளைக் காக்கும் நிலையம் ஒன்று இருந்தது. நிறுவியவர் வாவிலோவ். அவரோ தம் நாட்டு அரசாலேயே சிறைப்பட்டு 1943-இல் சிறையில் இறந்தார். நிலையத்து அறிஞர்கள் நெல், கோதுமை, பயறு மூட்டைகளுக்கு நடுவே அமர்ந்து, ஒரு பிடியும் உண்ணாமல் பலர் பட்டினியால் மாண்டனர். இதைக் கேட்ட அன்பர் ஒருவர், "சல்லேகனை போலன்றோ!" என்று வியந்தார். நான் உடன்படவில்லை. நோன்பு என்பது பற்றைத் தானே கழற்றுவது. அதில் மனம் அமைதியுறும். பட்டினி பிறர் சுமத்துவது. அது ஆர்த்தத் தியானத்தில் தள்ளும். பத்து நாட்கள் உபவாசம் இருந்து பழகிய நமக்கு இவ்வேறுபாடு நாவிலேயே தெரியும். அவ்வறிஞர்களின் தியாகம் பெரிது; அதற்குரிய பெயரால் அதைப் போற்றுவோம்.

"அவரவர் வினைப்பயன்" என்று சொல்லி அமைவாரும் நம்மிடையே உளர். வினைக் கொள்கை தன் துன்பத்தைப் பொறுப்பதற்கும், தன் செயலைத் திருத்துவதற்கும் உரியது. பிறர் துன்பத்தை அளந்து தீர்ப்புக் கூறுவதற்கன்று. சோவியத் நாட்டில் அப்போரில் இறந்தோர் ஏறத்தாழ 2 கோடியே 70 லட்சம். அவருள் படைவீரர் ஏறத்தாழ 87 லட்சமே. இத்தனை உயிர்களின் முன்னே நம் விளக்கம் வாயடைத்து நிற்க வேண்டும்.

படைவீரன் மட்டும் பகைக்கு உரியவனோ? 1914 முதல் 1918 வரை நடந்த போரில், ஓடிப்போனான், கோழையானான் என்பன போன்ற குற்றங்களுக்காகப் பிரித்தானியப் படையிலேயே பலர் சுட்டுக் கொல்லப்பட்டனர். குண்டோசையால் மனம் கலங்கியவர் அவருள் பலர் என்பது பின்னரே உணரப்பட்டது. 306 பேருக்கு 2006-இல் அரசு மன்னிப்பு வழங்கியது. உத்தம க்ஷமைக்கு அவர்கள் மண்ணுக்குள் எண்பது ஆண்டுகளுக்கும் மேல் காத்திருந்தனர்.

இன்று நம் இல்லங்களில் தொலைக்காட்சியில் குண்டு விழக் கண்டு, "சரியான அடி!" என்று மகிழ்கிறோம். கொலை கண்டு மகிழும் எண்ணத்திற்கு ஹிம்சானந்தம் என்றே பெயர். ரௌத்திரத் தியானத்தின் முதல் வகை அது. இரவு உணவு கொள்ளாது காத்த விரதம், அதே இரவில் இவ்வழியே கசிந்து போகிறது.

அச்சிறுவனுக்கு நான் சொன்ன விடை இதுதான்: "ஆளுகிறவர்கள் தனியே நின்று பொருதுவதில்லை, தம்பி, ஏனெனில் நாம் உடன் வருகிறோம் என்று குரல் கொடுத்துவிடுகிறோம்." அவனுக்கு அது முழுதும் விளங்கியதாகத் தோன்றவில்லை.

பள்ளியில் முப்பதாண்டுக்கும் மேலாக இரண்டாம் உலகப்போரை நானும் நடத்தினேன். தொடங்கிய ஆண்டு, முடிந்த ஆண்டு, காரணங்கள் ஐந்து, விளைவுகள் ஆறு என்று எழுதிப் போட்டு மனப்பாடம் செய்வித்தேன். 125 கிராம் ரொட்டியைப் பற்றி ஒரு நாளும் கூறியதில்லை. அப்பாடத்தை என்னிடம் பயின்றோர் எவரேனும் இவ்விதழை வாசிப்பின், இந்த க்ஷமாவணி நாளில் என்னைப் பொறுத்தருள வேண்டுகிறேன்.